பிள்ளைக் காம்பராவுக்கு வந்த இரும்படுப்பு

எங்கள் தோட்டத்தில் யந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் பிட்டர் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "தலை வலிக்குதா?" என்றுதான். சாப்பிட்டாச்சா, சுகமா என்று மற்றவர்கள் கேட்கும் இடத்தில் அவர் இதைக் கேட்பார். இல்லை என்றால் "சரி" என்று நடந்துவிடுவார். ஆமாம் என்றால் நின்றுவிடுவார். எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தீர்கள், கதவு இடுக்கில் சாக்கு இருக்கிறதா, ஜன்னல் திறக்குமா என்று வரிசையாக விசாரிப்பார். அது நேற்றுக் குடித்த சாராயத்தால் வந்த தலைவலி என்று ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். அவரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தலை வலித்ததே இல்லை.

இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் நான் இரண்டாவது கிளாக்கராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. அவருக்கு ஐம்பதுக்குப் பக்கம் இருக்கும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைக்கும் யந்திரத்துக்குச் சூடு தருகிற பெரிய அடுப்பு அவர் பொறுப்பில் இருந்தது. மெலிந்த ஆள். இடது புருவம் கிடையாது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மாதாமாதம் நான்தான் அதை எழுதினேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவிகூட "பிட்டரு ஸ்டோருக்குப் போயிருக்காங்க" என்றுதான் சொல்வார். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

குளிர் மாதங்களில் வேலை விட்டதும் அவர் லயம் லயமாக நடப்பார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பரா; அதற்கு ஒரு கதவு, பெயருக்கு ஒரு ஜன்னல். குளிருக்குப் பயந்து எல்லோரும் இடுக்குகளில் சாக்கைத் திணித்து, தகரச் சட்டியில் கரி நெருப்பை உள்ளே வைத்துக்கொள்வார்கள். இவர் போய்ச் சாக்கைப் பிடுங்கி வெளியே போடுவார். விளக்கம் எதுவும் சொல்ல மாட்டார். அடுத்த காம்பராவுக்குப் போய்விடுவார். அவர் மூன்றாவது காம்பராவில் இருக்கும்போது முதல் காம்பராக்காரர்கள் சாக்கைத் திரும்பத் திணித்துக்கொண்டிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். மறுநாளும் போவார்.

"ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா பிட்டரய்யா?" என்று ராமாயி என்ற பெண் ஒருமுறை கேட்டாள். கொழுந்தெடுப்பதிலும் வாயாடுவதிலும் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

"இருக்கு. இத முடிச்சிட்டுப் போறேன்" என்றார் அவர்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மனைவி, புதிதாக வந்திருந்த துரைசாணி, ஒருநாள் பிள்ளைக் காம்பராவைப் பார்க்கப் போனார். தாய்மார் கொழுந்தெடுக்கும் நேரத்தில் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். துரைசாணி ஒரு குழந்தையின் காலைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாராம். அவ்வளவு சில்லென்று இருந்ததாம். நாலு மாதத்தில் அவருடைய ஊரிலிருந்து கப்பலில் இரண்டு பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் அறையைச் சூடாக்கும் ஓர் இரும்படுப்பு. பெரியது பங்களாவுக்கு. சின்னது பிள்ளைக் காம்பராவுக்கு.

பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. பிட்டர் அதை எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்கு என்னிடம் வந்தார்.

"வாசிச்சுச் சொல்லுங்கய்யா."

நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலகைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், குழாயை வெளியே விட வேண்டும், தினமும் சாம்பலை அள்ள வேண்டும் என்று சொன்னேன். அவர் தாளை வாங்கி மேசையில் விரித்து, விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார்.

"இருவத்திமூணு வரி இருக்கு. நீங்க மூணுதான் சொன்னீங்க."

"சுருக்கமாச் சொன்னேன்."

"எழுதினவரு சுருக்கமா எழுதலியே."

அன்று மத்தியானம் முழுக்க நான் அகராதியோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியையும் சொல்லச் சொல்ல அவர் அதைத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார். அறையின் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு துவாரம் விட வேண்டும், அதை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. குழாயின் நுனி கூரை முகட்டைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும்; தாழ்ந்திருந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளிவிடும். பதினெட்டாவது வரி, கரி எரிந்தால் புகையே இல்லாவிட்டாலும் நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சுக்காற்று வரும் என்றது. பத்தொன்பதாவது வரி அதன் அடையாளத்தைச் சொன்னது: தலைவலி, பிறகு தூக்கம்.

"தலைவலின்னேவா எழுதியிருக்கு?"

"ஆமா."

"இன்னொருவாட்டி வாசிங்க."

மூன்று தடவை வாசித்தேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பல வருடம் தனியாக வழக்காடிய ஒருவருக்குக் கடைசியில் ஒரு சாட்சி கிடைத்தது போலிருந்தது முகம்.

தாளில் இல்லாத விதி ஒன்றும் அவரிடம் இருந்தது. அடுப்பு வைத்தவரும் வைக்கச் சொன்னவரும் முதல் தடவை கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அதனோடு உட்கார வேண்டும். இதைத் துரையிடம் மொழிபெயர்ப்பது என் தலையில் விழுந்தது. இது அந்தத் தாளில் இருக்கிறதா என்று துரை கேட்டார். இல்லை, இந்தப் பக்கத்து வழக்கம் என்றேன். வழக்கம் என்றால் துரைமார் ஒன்றும் சொல்வதில்லை.

பங்களாவில் அடுப்பை முதலில் மூட்டிய அன்று துரை சாய்வு நாற்காலியில் இருந்தார். பிட்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நடுவில் ஒரு முக்காலியில் நான். கால்மணிக்கு ஒருதரம் பிட்டர், "தொரைக்குத் தலை வலிக்குதா?" என்பார். நான் கேட்பேன். முதல் மூன்று தடவை துரை வாயால் இல்லை என்றார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். இடையிடையே பிட்டர் எழுந்து ஊதுபத்தியைக் கொளுத்தி, குழாயின் ஒவ்வொரு மூட்டருகிலும் பிடிப்பார். பத்திப் புகை மூட்டுக்குள் இழுபட்டால் நல்லது, வெளியே தள்ளப்பட்டால் அங்கே களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுவார். கதவுக்கு வெளியிலிருந்து துரைசாணி, இது பூசையா என்று கேட்டார். பாதி என்று சொன்னேன். இரண்டு மணி நேரம் முடிந்ததும் பிட்டர், "எரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டார்.

பிள்ளைக் காம்பராவில்தான் சிக்கல் வந்தது. பங்களாப் பெட்டியில் நாலு குழாய்த் துண்டுகள் இருந்தன. சின்னப் பெட்டியில் மூன்றுதான். நாலாவது எங்கேயோ தவறிப் போயிருந்தது. மூன்றையும் பொருத்தினால் நுனி கூரை முகட்டுக்குக் கீழேயே நின்றது. பின்னால் மேட்டு நிலம். காற்று அங்கிருந்து நேராகக் கூரைமேல் இறங்கும். பிட்டர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆபீசில் எனக்கு மேலே இருந்த பெரிய கிளாக்கரிடம் வந்தார்.

"ஒரு பைப்பு கொறையுதுங்க. பங்களாவுல நாலு இருக்கு. அதுல ஒன்ன கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க. தொரை பெரிய ஆளு, குளுரத் தாங்குவாரு."

பெரிய கிளாக்கர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். துரையிடம் அவர் இதைச் சொல்லவில்லை. அவருக்கு வேறு கவலை. அடுத்த வாரம் கொழும்பிலிருந்து கம்பெனித் துரை தோட்டம் பார்க்க வருகிறார். பிள்ளைக் காம்பராவில் அடுப்பு எரிவதை அவருக்குக் காட்ட வேண்டும்.

"கரியைப் போடு. கரியில புகை வராது. புகை வராத அடுப்புக்கு ஏன்யா அவ்வளவு நீளப் பைப்பு?"

"பதினெட்டாவது வரியப் பாருங்கய்யா."

"எனக்கு நீ வரி சொல்லித் தர்றியா?"

"நான் இல்லீங்க. பேப்பரு."

அன்று மாலை பிட்டர் அடுப்பின் முன்கதவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டோருக்கு எடுத்துப் போய்விட்டார். ஸ்பேனரும் சுத்தியலும் வைக்கும் தன் ஆயுதப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கதவில்லாமல் அடுப்பை எரிக்க முடியாது. நான் அவரைத் தேடிப் போய், ஏன் இந்த வம்பு, ஒரு நாள்தானே என்றேன். அவர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"நல்லதண்ணியில சிவனொளிபாதமலை சீசனுக்கு ஒரு கடையில வேலையா இருந்தேன். எனக்கு அப்ப இருவது வயசு. மலையேறி எறங்கின நாலு பேரு கடையில படுத்திருந்தாங்க. நான் வெளிய லொறியில படுத்தேன். குளுருக்கு உள்ள கரிச்சட்டி வச்சிருந்தாங்க. காலையில தேத்தண்ணி குடுக்க எழுப்பலாமுன்னு போய்க் கதவத் தொறந்தேன். நல்லா தூங்குனாங்க. மூஞ்சியெல்லாம் செவந்து போயி, சொகமா இருந்தாங்க. சரி, மலையேறி வந்த களைப்பு, தூங்கட்டுமுன்னு சத்தமில்லாம கதவச் சாத்திட்டுப் போயிட்டேன்."

அவர் குனிந்து பெட்டியின் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"பத்து மணிக்குத்தான் திரும்பி வந்தேன்" என்றார்.

இவ்வளவும் கேட்ட பிறகுதான் நான் அடுத்த காரியத்தைச் செய்தேன். கம்பெனித் துரை வரும் நாள் காலையில் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு, யந்திரத்துக்குப் புது பெல்ட் வாங்கி வர பிட்டரை அட்டன் டவுனுக்கு அனுப்பும்படி துண்டுச் சீட்டு எழுதச் சொன்னார். எதற்காக என்று எனக்குத் தெரியும். எழுதினேன். பிட்டர் துண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் தலை மறைந்ததும் பெட்டியின் பூட்டை உடைத்துக் கதவை எடுத்தார்கள். பத்து மணிக்கு அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்தது. தரையோரத் துவாரத்தில் காற்று சில்லென்று வருகிறது என்று அதில் சாக்கைத் திணித்தார்கள். கம்பெனித் துரை வந்தார், எங்கள் துரையும் துரைசாணியும் கூட வந்தார்கள். ஐந்து நிமிடம் நின்று பார்த்தார்கள். எல்லோருக்கும் திருப்தி. ஸ்டோரைப் பார்த்துவிட்டு வந்து போட்டோ எடுப்பதாகச் சொல்லிப் போனார்கள்.

போட்டோ வரைக்கும் நெருப்பு தணியாமல் பார்த்துக்கொள் என்று பெரிய கிளாக்கர் என்னை அனுப்பினார். நான் போனபோது பதினொன்றரை இருக்கும். வெளியே மழையும் காற்றும். ஆயா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்கய்யா, இன்னிக்கு ஒன்னுகூட அழல. சூட்டக் கண்டதும் எல்லாம் நல்லா தூங்குதுக" என்றாள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுப்புக் கதவைத் திறந்து இரண்டு அகப்பை கரி போட்டேன். திரும்பி வாசலுக்கு வந்துவிட்டேன். அப்போது ஆயா சொன்னாள்:

"எனக்குத்தான் காலையில இருந்து மண்டைய இடிக்குது."

நான் கதவை உதைத்துத் திறந்தேன். ஜன்னல் தாழ் வரவில்லை, அங்கே கிடந்த முக்காலியால் கண்ணாடியை உடைத்தேன். ஆயா எழுந்து நின்றாள், அப்படியே விழுந்தாள். கைக்கு இரண்டாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினேன். நான் போட்ட சத்தத்தில் எதிர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். ரோட்டோரத்தில் கொழுந்துச் சாக்குகளை விரித்துப் போட்டு அதன்மேல் கிடத்தினோம். மழை முகத்தில் பட ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. இருபத்திரண்டு குழந்தைகளில் இருபத்தொன்று அழுதன. ராமாயியின் மகள் மட்டும் அழவில்லை. ஒன்பது மாதக் குழந்தை. மருந்துக்கார ஐயா வந்து உள்ளங்காலில் தட்டினார், தலைகீழாகப் பிடித்தார், வாயில் ஊதினார். ராமாயி பேசாமல் பக்கத்தில் நின்றாள். அவள் பேசாமல் நின்று அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது.

மத்தியானம் துரை ஆபீசில் விசாரித்தார். பிட்டர் அட்டனிலிருந்து நனைந்தபடி வந்து, புது பெல்ட் தோளில் தொங்க விறாந்தையில் நின்றார். பெரிய கிளாக்கர் இங்கிலீஷில், பிட்டர் அடுப்பைச் சரியாகப் பொருத்தவில்லை என்றார். தன்னைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றுகூடப் பிட்டருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் வெளியே போய் அவர் பையிலிருந்து தாளை வாங்கி வந்தேன். துரையின் முன்னால் இருபத்து மூன்று வரியையும் வாசித்தேன். நடுவில் அவர் போதும் என்று கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. பிறகு குழாய் கேட்ட கதையையும், உடைத்த பூட்டையும், நான் எழுதிய துண்டையும் சொன்னேன்.

துரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பங்களாக் குழாயைக் கேட்டதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை? பெரிய கிளாக்கர் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அங்கே இதைவிடப் பெரிய வீடு கிடைத்ததாகக் கேள்வி.

வெளியே வந்து பிட்டரிடம் துண்டைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும். பழைய பெல்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா போனீங்க?"

"துண்டு குடுத்தா போகணுமே. கதவுதான் பூட்டுக்குள்ள இருக்கேன்னு நெனச்சேன்" என்றார். சிறிது நடந்துவிட்டு, "பூட்ட நம்பிட்டேன்" என்றார். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாளே துரை பங்களா அடுப்பை நிறுத்திக் குழாயைக் கழற்றி அனுப்பினார். நாலு துண்டும் சேர்ந்து குழாய் கூரை முகட்டுக்கு மேலே இரண்டடி நின்றது. தரையோரத் துவாரத்துக்குப் பிட்டர் இரும்புக் கம்பி வலை அடித்தார், சாக்கு நுழையாதபடி. பிறகு துரைசாணியை வரச் சொல்லி இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். துரைசாணி கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்தார். பிட்டர் வெளியே வந்து, "புள்ளைகளக் கொண்டாங்க" என்றார்.

தாய்மார் அசையவில்லை. குழந்தைகளை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றார்கள். ராமாயிதான் பேசினாள்.

"காத்து திரும்பி அடிச்சா?"

"பைப்பு இப்ப மோட்டுக்கு மேல இருக்கு. அடிச்சாலும் உள்ள வராது."

"அந்த ஓட்டைய யாராச்சும் அடைச்சா?"

"கம்பிய அறுக்கணும். அறுத்தா தெரியும்."

"எத்தன மணி நேரம் உக்காந்தீங்க?"

"ரெண்டு."

"எங்க புள்ளைக காலையில பெரட்டுல இருந்து பொழுது சாயிறவரைக்கும் இருக்குதுக. எட்டு மணி நேரம். நீங்க ரெண்டுதான் உக்காந்தீங்க."

பிட்டர் யோசித்தார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. துரைசாணி என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்க்கவில்லை.

"அது சரிதான்" என்றார் பிட்டர்.

மறுநாள் காலை பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தார். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு போனேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தினார்கள். காலியான தொட்டில்களுக்கு நடுவில் இருவரும் எட்டு மணி நேரம் இருந்தோம். கால்மணிக்கு ஒருதரம் அவர் கேட்டார், நான் இல்லை என்றேன். அவருக்கு வலிக்கிறதா என்று நானும் கேட்டேன். முதல் தடவை கேட்டபோது அவர் கொஞ்சம் திகைத்தார். அவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலும். மலையிலிருந்து பெண்கள் முறை வைத்துக்கொண்டு ஒருத்தி மாற்றி ஒருத்தியாக வந்து, புதிதாகப் போட்ட ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். கங்காணி ஒன்றும் சொல்லவில்லை. மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் கதவைத் திறந்தார்கள். பிட்டர் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வந்து, கூடையோடு நின்றவர்கள் முன்னால் நின்றார். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு எல்லோரும் கலைந்து போனார்கள்.

அடுத்த நாள் காலை ராமாயி முதல் ஆளாக வந்தாள். ஆயா கையை நீட்டினாள். ராமாயி அவளிடம் கொடுக்காமல், வாசலில் நின்ற பிட்டரிடம் குழந்தையை நீட்டினாள்.

"நீங்களே போடுங்க."

அவர் குழந்தையை இரண்டு கையாலும், பாரம் தெரியாத ஒரு பொருளை வாங்குவது போல வாங்கினார். உள்ளே கொண்டுபோய்த் தொட்டிலில் கிடத்தினார். அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். ராமாயி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். புது ஆளைக் கண்டோ என்னவோ, குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. ஆயா தொட்டிலை ஆட்ட ஓடி வந்தாள்.

பிட்டர் அவளைக் கையமர்த்தினார்.

"இருங்க. கொஞ்ச நேரம் அழட்டும்" என்றார்.